வெள்ளி நனோத்துணிக்கைச் சென்சர் இறால் குளத்துத் தண்ணீரில் நிறம் இழக்கிறது: எந்தப் பொலிமர் பூசலாம்?

#1 பாலைமரம்

எல்லோருக்கும் வணக்கம். வந்தாறுமூலையில் இரசாயனவியல் இறுதியாண்டு படிக்கிறேன். இறால் குளத்து நீரில் சல்பைட்டைக் காட்டும் நிறச் சென்சர் ஒன்றைப் புரொஜெக்டாக எடுத்திருக்கிறேன். பனிக்கட்டியில் குளிரவைத்த சோடியம் போரோஐதரைட்டுக் கரைசலுக்குள் வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நல்ல மஞ்சள் நிறக் கூழ் (வெள்ளித் துணிக்கைகள் மிதக்கும் நீர்) வருகிறது. உறிஞ்சல் உச்சி (ஒளியை ஆகக் கூடுதலாக உறிஞ்சும் அலைநீளம்) 400 நனோமீற்றருக்குச் சற்றுக் கீழே, ஒடுக்கமாக இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் சல்பைட்டைச் சேர்த்தால் மஞ்சள் மங்கிக் கபிலமாகிறது. அது வரைக்கும் எல்லாம் அழகு.

வாவிக்கரைப் பண்ணை ஒன்றிலிருந்து எடுத்த தண்ணீரைச் சேர்த்தால், சல்பைட்டு எதுவும் போடாமலே மஞ்சள் போய்விடுகிறது. சில வேளை சாம்பல் நிறம், சில வேளை வெறும் கலங்கல். "ஏதாவது பொலிமர் பூசிப் பாருங்கள்" என்று சேர் சொல்லியிருக்கிறார். வாசித்த கட்டுரைகளில் பிவிபி (பொலிவைனைல்பிரோலிடோன்), பெக் (பொலிஎதிலீன் கிளைக்கோல்), பிவிஏ (பொலிவைனைல் அற்ககோல்), கைற்றோசன், ஜெலற்றின் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். எல்லாரும் "மிகச் சிறந்த உறுதி" என்றுதான் எழுதியிருக்கிறார்கள்!

லேப்பில் மூலக்கூற்றுத் திணிவு 40,000 உள்ள பிவிபி இருக்கிறது. தயோல் (கந்தகமுள்ள கூட்டம்) முனையுள்ள பெக் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், விலை கட்டாது. யூவி-விசிபிள் மானி உண்டு. இலத்திரன் நுணுக்குக்காட்டி எல்லாம் கைக்கெட்டாது. எதில் தொடங்கலாம்?

#2 வயல்வெளி_நானா

சம்மாந்துறையிலிருந்து. கைற்றோசனை முயற்சி செய்யுங்க தங்கச்சி. இறால் கோதிலிருந்தே எடுக்கலாம், அதுவும் நம்மட ஊரில் கிடைக்கிற சாமான். இறால் குளத்துச் சென்சருக்கு இறால் கோது, புரொஜெக்ட் தலைப்புக்கே அழகாக இருக்கும். நான் வேறொரு வேலைக்குச் செய்தேன், நல்லா வந்தது.

#3 கூழ்_வாத்தி

தங்கச்சி, பொலிமர் பெயர் கேட்பதற்கு முன்னால் துணிக்கைக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உவர்நீரில் வெள்ளிக் கூழ் நிறம் இழக்க இரண்டு வழிகள் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் "நிறம் போய்விட்டது"தான். ஆனால் ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குச் சரிவராது.

முதலாவது திரட்சி. உங்கள் துணிக்கைகளின் மேற்பரப்பில் எதிரேற்றம் இருக்கிறது. அவை ஒன்றையொன்று தள்ளுவதால்தான் கூழ் தெளிவாக நிற்கிறது. உப்பு வந்ததும் அந்தத் தள்ளுவிசை எட்டும் தூரம் சுருங்கிவிடும். சோடியம் குளோரைட்டு மாதிரி ஒற்றை ஏற்ற உப்புக்கு, மோலர்ச் செறிவின் வர்க்கமூலத்தால் 0.304ஐ வகுத்தால் அந்தத் தூரம் நனோமீற்றரில் வரும். 0.001 மோலரில் கிட்டத்தட்ட 10 நனோமீற்றர். 0.1 மோலரில் 1 நனோமீற்றர். கடல்நீரில் 0.4 நனோமீற்றருக்கும் குறைவு. துணிக்கைகளுக்கிடையேயான வந்தர்வால்சுக் கவர்ச்சி அதைவிடத் தூரத்துக்கு எட்டுவதால் அவை ஒட்டிக்கொள்கின்றன. 1940களில் டெர்ஜாகின், லண்டாவ், வெர்வே, ஓவர்பீக் ஆகியோர் கணக்குப் போட்டு வைத்த விசயம் இது.

இரண்டாவது, வெள்ளியே அழிந்துபோவது. தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் வெள்ளியை அயனாக்கும். குளோரைட்டு அந்த அயனைப் பிடித்து வெள்ளிக் குளோரைட்டாக்கும். கடல்நீர் அளவுக்குக் குளோரைட்டு இருந்தால் கரையக்கூடிய சிக்கல் அயன்களாகவும் போகும். பொன்னுக்கு இந்த வருத்தம் இல்லை, வெள்ளிக்கு உண்டு.

எது நடக்கிறது என்று பிரிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். மூன்று போத்தல் போதும். ஒன்றில் சோடியம் நைத்திரேற்று, அடுத்ததில் அதே செறிவில் சோடியம் குளோரைட்டு. மூன்றாவதிலும் குளோரைட்டுத்தான், ஆனால் கொதிக்கவைத்து மூடியபடி ஆறவைத்த நீரில். நைத்திரேற்று ஏற்றத்தை மறைக்க மட்டுமே செய்யும், வெள்ளியோடு கொழுவாது. அங்கே உச்சி அகன்று 500, 600 நனோமீற்றர் பக்கம் தோள் மாதிரி ஒரு வீக்கம் வந்தால் அது திரட்சி. குளோரைட்டில் தோள் இல்லாமல் உச்சி உயரம் மட்டும் இறங்கினால் வெள்ளி கரைகிறது. மூன்றாவது போத்தல் ஒட்சிசனின் பங்கைச் சொல்லும். முழு நிறமாலையையும் எடுங்கள். ஓர் அலைநீளத்தில் வாசிப்பு மட்டும் எடுத்தால் ஒன்றும் பிடிபடாது.

#4 கூழ்_வாத்தி

நானா, கைற்றோசன் பற்றித் தனியாக எழுதுகிறேன். உங்களுக்குச் சரிவந்தது அமில ஊடகத்தில் என்று நினைக்கிறேன். கைற்றோசனின் அமைன் கூட்டங்கள் புரோத்தன் ஏற்று நேரேற்றத்தோடு இருக்கும்போதுதான் அது கரையும். பிஎச் ஆறரையைத் தாண்டினால் ஏற்றம் குறைந்து வெளியே விழத் தொடங்கும். இறால் குளத்து பிஎச் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் நிற்கும். பூச்சே படிவாக விழுந்தால் துணிக்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. எதிரேற்றத் துணிக்கைக்கு நேரேற்றப் பொலிமரைக் கொஞ்சமாக விட்டால் ஒரே சங்கிலி இரண்டு மூன்று துணிக்கைகளைச் சேர்த்துப் பிடித்துவிடும். உறுதியாக்கப் போட்ட சாமானே திரட்சியை உண்டாக்கும். அதிகமான பொலிமருக்குள் கூழை வேகமாகக் கலக்கினால் தப்பலாம்.

#5 வயல்வெளி_நானா

ஓம் சேர், என்னுடையது அசற்றிக் அமிலத்தில்தான். வயல் வாய்க்கால் தண்ணீரில் செம்பு பார்க்கச் செய்தது, அதையும் அமிலமாக்கித்தான் பார்த்தேன். இறால் குளத்துக்குச் சரிவராது என்றால் விட்டுவிடலாம். ஊர்ச்சாமான் என்ற ஆசைதான்.

#6 இறால்பண்ணை

நான் படித்தவன் இல்லை, குளம் வைத்திருக்கிறவன். ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே "குளத்துத் தண்ணி" என்று ஒரு தண்ணி இல்லை. மாரி மழைக்கு முகத்துவாரம் வெட்டிவிட்டால் வாவி முழுக்க வெள்ளத் தண்ணி, வாயில் வைத்தால் உப்பே தெரியாது. மறுகா ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசி வெயில் எரிக்கிற நேரம் குளத்து உப்பு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் மாரியில் செய்து "வேலை செய்யுது" என்று எழுதிவிட்டுப் போனால், கோடையில் அதை வைத்து நான் என்ன செய்ய?

மற்றது, இந்தச் சல்பைட்டின் கூழ்முட்டை மணம் மூக்குக்கு வரும்போது எங்களுக்கும் தெரியும். இறால் சாகிறது விடியப்புறம், அடிச்சேற்றில். மேல் தண்ணியை அள்ளிக்கொண்டுபோய்ப் பின்னேரம் லேப்பில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. குளக்கட்டில் நின்று பார்க்கிற மாதிரி ஏதாவது செய்து தாங்க பிள்ளை.

#7 பழைய_லேப்

முப்பது வருடம் பாடசாலை லேப்பில் நின்றவன் என்ற உரிமையில் கேட்கிறேன். ஈய அசற்றேற்றுத் தாள் என்று ஒன்று இருக்கிறது. ஐதரசன் சல்பைட்டு பட்டால் கறுக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்கே தெரியும். அளவு வேண்டுமென்றால் மெதிலீன் நீல முறை. இதற்கு நனோ எதற்கு? நனோ என்று போட்டால்தான் புரொஜெக்ட் என்று இப்போது ஒரு வியாதி. வேப்பிலையைக் கசக்கி, முருங்கையிலையைக் கசக்கி எல்லாவற்றிலும் நனோ!

#8 கூழ்_வாத்தி

ஐயா, இலைச் சாற்று விசயத்தில் நான் உங்கள் பக்கம். சாறு துணிக்கையையும் உண்டாக்கி அதற்குப் பூச்சும் போடுகிறது, ஆனால் அந்தப் பூச்சு என்னவென்று செய்தவருக்கே தெரியாது. இந்த மாத இலையும் அடுத்த மாத இலையும் ஒன்றில்லை. சென்சர் செய்கிறவர் பூச்சை எடையில் அளந்து போடக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஈயத் தாளோடு மட்டும் உடன்பாடில்லை. நீர்வாழ் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 2 மைக்கிரோகிராம், அதுவும் அயனாகாத ஐதரசன் சல்பைட்டுக்கு. அந்த மட்டத்தில் சாதாரண ஈயத் தாள் கண்ணுக்குத் தெரியும்படி கறுக்காது. மெதிலீன் நீலம் எட்டும், ஆனால் செறிந்த அமிலமும் நச்சுத்தன்மையுள்ள அமைனும் குளக்கட்டுக்குக் கொண்டுபோகிற சாமான்கள் இல்லை. வெள்ளி நனோத்துணிக்கை ஒளியை அவ்வளவு பலமாக உறிஞ்சுவதால் மேற்பரப்பில் கொஞ்சம் சல்பைட்டானாலே மாற்றம் தெரியும். தேவை உண்மையான தேவைதான்.

#9 பாலைமரம்

எல்லோருக்கும் நன்றி. மூன்று போத்தலும் செய்து பார்த்தேன். நைத்திரேற்றில் உடனே செம்மஞ்சளாகிப் பிறகு சாம்பல், 550 பக்கம் அகன்ற திமில். குளோரைட்டில் முதலில் அதே மாதிரி, பிறகு எல்லாமே வெளிறி மெல்லிய பால் நிறக் கலங்கல். கொதித்து ஆறிய நீரில் அந்த வெளிறல் மெதுவாக நடந்தது. அப்படியென்றால் எனக்கு இரண்டு நோயும் இருக்கிறது.

பிவிபி போட்டும் பார்த்தேன். நைத்திரேற்றில் மஞ்சள் அசையவே இல்லை. குளோரைட்டில் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் பின்னேரம் பார்த்தால் உச்சி நன்றாக இறங்கியிருக்கிறது. பிவிபியைக் கூட்டினால் அந்த இறக்கம் மெதுவாகிறது. ஆனால் சல்பைட்டுக்கான நிற மாற்றமும் கூடவே மந்தமாகிவிடுகிறது. எங்கே நிறுத்துவது?

#10 கூழ்_வாத்தி

இழையின் நடு விசயத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம்.

பிவிபி என்ன செய்கிறது என்றால், அதன் வளையத்திலுள்ள காபனைல் ஒட்சிசன் வெள்ளி மேற்பரப்பில் தொற்றிக்கொள்ளும், மிகுதிச் சங்கிலி தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். றம்புட்டான் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பழம் நெருங்கினாலும் மயிர்தான் முட்டும், தோல் முட்டாது. இந்தத் தடை ஏற்றத்தில் தங்கியில்லாததால் உப்பு அதை ஒன்றும் செய்யாது. நைத்திரேற்றில் நீங்கள் கண்டது அதுதான்.

ஆனால் அந்த மயிருக்குள்ளால் தண்ணீர் போகும், குளோரைட்டு போகும், ஒட்சிசன் போகும். சல்பைட்டும் போக வேண்டும், போகாவிட்டால் அது சென்சர் இல்லை. அதாவது, நீரில் ஊறி நிற்கும் பொலிமர் படை துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும், சின்ன அயன்கள் வருவதைத் தடுக்காது. பூச்சைத் தடிப்பாக்கினால் இரண்டையும் கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்வளவுதான். குளோரைட்டை மறித்துச் சல்பைட்டை மட்டும் உள்ளே விடு என்று பிவிபியிடம் கேட்க முடியாது.

"மிகச் சிறந்த உறுதி" என்று எழுதுகிறவர்கள் எதற்கு எதிராக உறுதி என்று எழுதுவதில்லை. காய்ச்சி வடித்த நீரில், குளிர்சாதனப் பெட்டியில், இருட்டில் மாதக்கணக்காக மஞ்சளாக நின்றால் அது களஞ்சிய உறுதி. குளத்து நீரில் அரை மணித்தியாலம் நிற்குமா என்பது வேறு கேள்வி. உங்கள் பண்ணைக்காரருக்கு இரண்டாவதுதான் தேவை.

சில நடைமுறை விசயங்கள். பிவிபி பூசிய பிறகு சுழலவைத்துக் கழுவுவதென்றால் அளவோடு கழுவுங்கள். அது இரசாயனப் பிணைப்பால் பூட்டப்பட்டதில்லை. கரைசலில் மிதக்கும் பிவிபியை முற்றாக எடுத்துவிட்டால் மேற்பரப்பில் உள்ளதும் மெல்ல மெல்லக் கழன்று வரும். கூழை உறைபெட்டியில் வைக்க வேண்டாம். பனி உருவாகும்போது துணிக்கைகளும் உப்பும் மிஞ்சிய திரவத்துக்குள் நெருக்கப்பட்டுத் திரளும். கபில நிறப் போத்தலில், சாதாரணக் குளிரில் வையுங்கள்.

#11 அக்கரை_ராத்தா

பெக்-தயோல் பற்றி யாரும் பேசவில்லையே? பொன் துணிக்கைகளோடு வேலை செய்திருக்கிறேன். அது போட்டால் கடல்நீரிலும் சிவப்பு மாறாது.

#12 கூழ்_வாத்தி

பொன்னுக்கு அருமையான பூச்சு, ராத்தா. கந்தக முனை மேற்பரப்பைப் பலமாகப் பிடிக்கும். இரத்தம் போன்ற ஊடகங்களில் அங்குள்ள வேறு தயோல்கள் மெல்ல அதை இடம்பெயர்க்கும் என்பதால் இரண்டு கந்தகமுள்ள லிப்போயிக் அமில முனையையும் பாவிக்கிறார்கள்.

இங்கே சிக்கல் வேறு. நாம் தேடுவதே கந்தகத்தை. வெள்ளி மேற்பரப்பைக் கந்தகத்தால் மூடிவிட்டு, "இப்போது கந்தகம் வந்தால் சொல்" என்றால் எப்படி? சல்பைட்டு அதைத் தள்ளிக்கொண்டு வரத்தான் செய்யும், ஆனால் குறைந்த செறிவில் உணர்திறன் போய்விடும். நங்கூரம் போடும் அணு, தேடும் பொருளின் உறவாக இருக்கக்கூடாது.

திரட்சியை வைத்தே நிறம் காட்டும் பொன் சென்சர்களுக்கும் இதே கதைதான். பெக்கால் முற்றாக மூடினால் தேடும் பொருள் வந்தாலும் திரளாது. கரைசல் என்றென்றும் சிவப்பாக நிற்கும்.

#13 பழைய_லேப்

சரி, விளங்குது. ஆனால் இப்போது கேள்வி இன்னும் இலகுவாகிவிட்டதே. ஈயத் தாளை நாங்கள் கரைசலுக்குள் அமிழ்த்துவதில்லை, குழாயின் வாயில்தான் பிடிப்போம். வாயு மேலே வரும், உப்பு வராது. உங்கள் வெள்ளியை ஏன் தண்ணீருக்குள் போட வேண்டும்?

#14 இறால்பண்ணை

ஐயா சொன்னது எனக்கே விளங்குது!

#15 கூழ்_வாத்தி

ஐயா, இதை நீங்கள் முதலாவது பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அதுதான் சரியான வழி. இரசாயனமும் ஒத்துழைக்கிறது. ஐதரசன் சல்பைட்டின் முதலாவது பிகேஏ, அதாவது பாதி வாயு வடிவிலும் பாதி அயனாகவும் நிற்கும் பிஎச், ஏறத்தாழ 7. பிஎச் 8 உள்ள குளத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்குதான் வாயுவாகக்கூடிய வடிவில் இருக்கும், மிகுதி அயன். மாதிரியை அமிலமாக்கி பிஎச் 5க்குக் கீழே கொண்டுவந்தால் ஏறக்குறைய எல்லாமே ஐதரசன் சல்பைட்டாகி மேலேயுள்ள காற்றுக்கு வரும். குளோரைட்டும் சோடியமும் கீழேயே கிடக்கும். அமோனியாவும் அமிலத்தில் அமோனியமாகி அடங்கிவிடும். அமிலத்துக்குக் கடையில் வாங்கும் சித்திரிக்கமிலத் தூளே போதும், பண்ணைக்காரர் கையாளவும் பாதுகாப்பு. குளத்து நீரிலுள்ள இருகாபனேற்று நுரைத்து வரும் காபனீரொட்சைட்டு வாயுவைத் தூக்கிக்கொடுக்கவும் உதவும்.

அப்போது பொலிமருக்கான வேலை மாறுகிறது. உப்புக்கு எதிராகக் காப்பது இனி அதன் வேலை இல்லை. வெள்ளித் துணிக்கைகளை ஒரு தாளில் பிரித்துப் பிடித்து வைத்திருப்பது, காயும்போது ஒட்டாமல் பார்ப்பது, வாயு கரைந்து உள்ளே வரக் கொஞ்சம் ஈரத்தைத் தக்கவைப்பது, இவைதான் வேலை. பிவிபியைத் துணிக்கையின் மேல் மெல்லியதாக வைத்துவிட்டு, வெளியே படலம் அமைக்க வேறு பொலிமர் எடுக்கலாம்.

#16 பாலைமரம்

படலத்துக்கு ஜெலற்றின் எடுக்கலாமா? லேப்பில் இருக்கிறது.

#17 அக்கரை_ராத்தா

என்ன ஜெலற்றின் என்று பார்த்து எடுங்க தங்கச்சி, மாடா, பன்றியா, மீனா என்று. சாப்பிடுகிற சாமான் இல்லைதான், இருந்தாலும் எங்கட பக்கத்தில் பண்ணைகளுக்குக் கொடுக்கும்போது கட்டாயம் கேட்பார்கள்.

#18 கூழ்_வாத்தி

நல்ல கேள்வி, ராத்தா. விஞ்ஞானக் காரணமும் உண்டு. மாட்டு ஜெலற்றின் முப்பது பாகைக்குக் கீழேதான் இறுகும். குளிர்கடல் மீனின் ஜெலற்றினுக்கு அதைவிட மிகவும் குறைந்த வெப்பநிலை வேண்டும். சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் ஈரமான ஜெலற்றின் படலம் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அதற்காக ஜெலற்றினைக் குறைத்துச் சொல்லவில்லை. உலோகக் கூழைக் காப்பதில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1857இல் பரடே சிவப்புப் பொன் கூழில் உப்புப் போட்டால் நீலமாவதைப் பதிவு செய்தார். பிறகு சிக்மொண்டி "தங்க எண்" என்று ஓர் அளவு வைத்தார். 10 மில்லிலீற்றர் பொன் கூழில் 1 மில்லிலீற்றர் பத்துவீத உப்புக் கரைசலைச் சேர்க்கும்போது நிறம் மாறாமல் தடுக்க எத்தனை மில்லிகிராம் காப்புப் பொருள் வேண்டும் என்பதே அது. ஜெலற்றினுக்கு 0.005 முதல் 0.01 வரை. உருளைக்கிழங்கு மாப்பொருளுக்கு 25 அளவில். வித்தியாசத்தைப் பாருங்கள். சிக்மொண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. பழைய புகைப்படச் சுருள் முழுக்க ஜெலற்றினில் நிறுத்திய வெள்ளி உப்புத்தான்.

ஆனால் புகைப்படக்காரர்களிடமிருந்தே ஓர் எச்சரிக்கையும் வருகிறது. சில தொகுதி ஜெலற்றினில் செய்த சுருள் மட்டும் ஏன் கூடுதலாக ஒளியை உணர்கிறது என்று 1920களில் கொடாக் நிறுவனத்தில் ஷெப்பர்ட் தேடினார். ஜெலற்றினில் மிகச் சிறிய அளவில் இருந்த கந்தகச் சேர்வைகள்தான் காரணம். மாடு மேய்ந்த கடுகுச் செடி வரைக்கும் அந்தக் கதை போனது. அவர்களுக்கு அது அதிர்ஷ்டம். உங்களுக்கு, சல்பைட்டு பார்க்கும் தாளின் பூச்சிலேயே கந்தகம்! போத்தலுக்குப் போத்தல் பின்னணி நிறம் மாறும்.

என் தெரிவு பிவிஏ, அதாவது பொலிவைனைல் அற்ககோல். கந்தகம் இல்லை, சூட்டில் இளகாது, தெளிந்த படலமாகக் காயும். முழுமையாக நீர்ப்பகுப்புச் செய்த தரம் எடுங்கள். அது சுடுநீரில்தான் கரையும், காய்ந்த பிறகு சாதாரண ஈரத்துக்குக் கரைந்து ஓடாது. தச்சு வேலை வெள்ளைப் பசை இதுவல்ல, அது பொலிவைனைல் அசற்றேற்று. மலிவு என்று அதைப் பூசிவிட வேண்டாம்.

#19 வயல்வெளி_நானா

தாளுக்கு வடிதாள் போதுமா? கல்முனைக் கடைகளில் கோப்பி வடிதாள்கூடக் கிடைக்கிறது.

#20 கூழ்_வாத்தி

லேப் வடிதாள் எடுங்கள். வெளிற்றிய சாதாரணத் தாள்களில் குளோரைட்டு மிச்சம் இருக்கலாம். வாசலால் விரட்டிய உப்பை யன்னலால் கூப்பிட வேண்டாம்.

#21 பாலைமரம்

தாளில் செய்துவிட்டேன். பிவிபி பூசிய வெள்ளி, மேலே பிவிஏ. மஞ்சள் தாளாக அழகாக வந்தது. சிறிய போத்தலில் குளத்து நீர், சித்திரிக்கமிலம், மூடியின் உட்பக்கத்தில் தாள். சல்பைட்டு சேர்க்காத போத்தலில் தாள் மஞ்சளாகவே நிற்கிறது! சேர்த்ததில் கபிலம். இவ்வளவு நாளும் இந்த வெற்றுச் சோதனைதான் தோற்றுக்கொண்டிருந்தது.

ஒரு குழப்பம். ஒரே குளத்தில் ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளில் ஒன்று மிகவும் கறுத்துவிட்டது. அடியிலிருந்து எடுத்ததில் கொஞ்சம் கறுப்புச் சேறும் இருந்தது.

#22 கூழ்_வாத்தி

அந்தக் கறுப்புச் சேறுதான் காரணம். அதன் நிறமே பெரும்பாலும் இரும்புச் சல்பைட்டால் வருவது. அமிலம் போட்டால் அது உடைந்து ஐதரசன் சல்பைட்டைக் கொடுக்கும். இறால் சுவாசிக்கும் தண்ணீரில் அந்தச் சல்பைட்டு கரைந்திருக்கவில்லை, சேற்றில் கட்டுண்டு கிடந்தது. நீங்கள் அமிலத்தால் விடுவித்து அளந்துவிட்டீர்கள். ஆகவே மாதிரியை ஊசிக்குழாய் வடியால் வடித்துவிட்டு, காற்றுப் படாமல், உடனேயே அமிலமாக்குங்கள்.

குளத்து பிஎச்சையும் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தாள் சொல்வது மொத்தச் சல்பைட்டு. இறாலைக் கொல்வது முக்கியமாக அயனாகாத பங்கு. பிஎச் 8இலும் பிஎச் 7இலும் ஒரே மொத்த அளவுக்கு ஆபத்து ஒன்றில்லை. 7இல் பாதி ஐதரசன் சல்பைட்டாகவே இருக்கும். விடியப்புறம் குளத்தின் பிஎச் இறங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், இறால்பண்ணை அண்ணன் சொன்ன நேரம் ஏன் அந்த நேரம் என்பது தெரியும். ஒட்சிசனும் அப்போதுதான் ஆகக் குறைவு.

ஒரு பாதுகாப்பு விசயம்: சேற்றை வாளிக் கணக்கில் அமிலமாக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரவேண்டாம். ஐதரசன் சல்பைட்டு ஆளைக் கொல்லும் வாயு. செறிவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாது. சிறிய போத்தல், திறந்த வெளி.

#23 பழைய_லேப்

தாளை எப்படி வைத்திருப்பது? கல்லடியில் கடற்காற்றுக்கு இரும்புக் கேற்றே நிற்பதில்லை.

#24 அக்கரை_ராத்தா

அலுமினியத் தாள் பை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டிகள் அப்படித்தான் வருகின்றன. அவற்றில் பல பொன் துணிக்கைதான், காயவைக்கும்போது சீனி வகைகளும் புரதமும் பொலிமரும் சேர்த்துத்தான் காயவைக்கிறார்கள். பை திறந்தால் உடனே பாவிக்க வேண்டும். மீன்வாடி, குப்பைமேடு பக்கம் திறந்து வைத்தால் அங்குள்ள கந்தக வாயுக்களுக்கே நிறம் மாறிவிடும். றப்பர் மூடியும் வேண்டாம், வல்கனைசுப்படுத்திய றப்பரில் கந்தகம் இருக்கிறது.

#25 கூழ்_வாத்தி

றப்பர் மூடி விசயம் நான் யோசிக்காதது, ராத்தா. நன்றி.

பாலைமரம், அறிக்கையில் உறுதி என்ற அத்தியாயத்தை இப்படிப் பிரித்து எழுதுங்கள் என்பது என் ஆலோசனை. பைக்குள் வைத்த தாள் வெளிச்சத்திலும் இருட்டிலும் எப்படி நிறம் மாறுகிறது, அறை வெப்பநிலையிலும் குளக்கட்டு வெயிலிலும் எப்படி. பிறகு சல்பைட்டு இல்லாத வெற்றுச் சோதனை, மழைக்காலத் தண்ணீரிலும் கோடைத் தண்ணீரிலும். பிறகு பழைய தாள் புதிய தாளைப் போலவே அதே சல்பைட்டுக்கு அதே நிறம் தருகிறதா என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாள் மஞ்சளாக இருப்பது மட்டும் போதாது. பொலிமர் இறுகி வாயு போகாமல் ஆகிவிட்டாலும் தாள் மஞ்சளாகத்தான் இருக்கும்.

#26 இறால்பண்ணை

பிள்ளை, கோடைத் தண்ணிக்கு எங்கட குளத்துக்கு வாங்க. உப்பு பார்க்கிற கண்ணாடி என்னிடம் இருக்கு, பிஎச் மீற்றர்தான் பழுது. வரும்போது ஒன்று கொண்டு வாங்க.

#27 பாலைமரம்

கட்டாயம் வருகிறேன் அண்ணா. பிஎச் மீற்றர் டிப்பார்ட்மெண்டில் கேட்டு எடுக்கலாம். விடியப்புறம் வருவதென்றால் முதல் நாள் பின்னேரமே ஊருக்குள் வந்து நிற்க வேண்டும். தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வரலாமா?

#28 இறால்பண்ணை

வாங்க வாங்க. எங்கட வீட்டிலேயே நிற்கலாம், மனிசியிடம் சொல்லி வைக்கிறேன். காலில் பூட்ஸ் போட்டு வாங்க, அடிச்சேறு முழங்கால் வரைக்கும் வரும்.